அணிநடை இசையும் அது கிளறும் நினைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி நாட்களில் தேசிய மாணவர் படையின் பேண்டில் நான்கு ஆண்டுகள் சைடு டிரம் அடித்தவன் என்ற ஒரே தகுதியில் நான் இராணுவ அணிநடை இசையை, அதாவது மார்ச்சைப் பற்றி நண்பர்களிடம் பேசத் தொடங்கினேன். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மார்ச் என்பது தனி இசைவகையா? பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதெல்லாம் மார்ச் ஆகாதா?

ஆகாது. மார்ச் என்பது காலுக்காக எழுதப்படுவது. காது அதற்கு இரண்டாம் பட்சம். இடக்கால் தரையில் படும் நொடியில் பெரிய டிரம் விழவேண்டும் என்பதே அதன் முதல் விதி. பிரிட்டிஷ் வழிவந்த படைகளில், இந்தியப் படைகள் உட்பட, விரைவு நடை என்பது நிமிடத்திற்கு ஏறத்தாழ 116 முதல் 120 அடிகள். இலகு காலாட்படைகள் 140 அடிகள் வரை வைக்கும். பிரான்சின் அயல்நாட்டவர் படையணியோ 88 அடிகள்தான் வைக்கும்; அதனால்தான் பாரிஸில் ஜூலை 14 அணிவகுப்பில் நடந்து செல்லும் படைகளுள் அதைக் கடைசியில் விடுகிறார்கள். இல்லாவிட்டால் பின்னால் வருபவர்கள் அதன் முதுகில் முட்டிக்கொள்ள நேரும்.

பெரும்பாலான மார்ச்சுகள் இரண்டு பகுதிகள் முழங்கியபின் சற்றுத் தணிந்து, சுருதி மாறி, பாடத்தக்க ஒரு மெட்டுக்குள் நுழைகின்றன. அந்தத் தணிந்த பகுதிக்கு டிரையோ என்று பெயர். நாம் முணுமுணுப்பது பெரும்பாலும் டிரையோவைத்தான். நம் கோயில்களில் சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் நாதஸ்வரம் வாசிக்கும் மல்லாரியைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பல்லக்குத் தூக்குபவரின் கால்கள் எப்படிப் போகவேண்டும் என்பதை மல்லாரி சொல்லிவிடுகிறது. மார்ச் செய்வதும் அதையேதான்.

வேறெந்த இசையையும் விட இது நினைவுகளை இவ்வளவு வேகமாகக் கிளறுவது ஏன்?

அறிவியல் விளக்கம் தருவதற்கு நான் ஆளல்ல. என் அனுபவத்தில், பாட்டைக் கேட்டவன் மனத்தில் வைத்துக்கொள்கிறான், மார்ச்சை நடந்தவன் முழங்காலில் வைத்துக்கொள்கிறான். ஐம்பது வயதைக் கடந்தபின்னும், எங்காவது 'தேஜ் சல்' (விரைவு நடை) என்ற கட்டளையும் அதைத் தொடர்ந்து டிரம்மின் உருட்டும் கேட்டால், என் இடக்கால் என்னைக் கேளாமலே அசைகிறது. கூடவே, கஞ்சி போட்ட காக்கிச் சட்டையின் காலர் கழுத்தை அறுத்ததும், பிராசோ போட்டுத் தேய்த்த பெல்ட் கொக்கியின் வாடையும், சுதந்திர தின அணிவகுப்பு முடிந்தபின் கிடைத்த இரண்டு இட்லியும் ஒரு வடையும் நினைவுக்கு வருகின்றன.

ஒரு குடியரசு தினத்தில் மேடையருகே வந்ததும் பதற்றத்தில் நான் தாளத்தை முடுக்கிவிட்டேன். என் பின்னால் வந்த மூன்று வரிசைகளும் கால் மாற்றிக் கால் மாற்றித் தடுமாறின. அன்று வாசித்தது எந்த மெட்டு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். யாராவது கேட்டால் மட்டும் மறந்துவிட்டதாகச் சொல்லுவேன்.

சீட்டியடித்தபடி கைதிகள் நடந்துவரும் அந்த மெட்டு எது? அது சினிமாவுக்காக எழுதப்பட்டதுதானே?

இல்லை. அது 'கர்னல் போகி', 1914இல் எழுதப்பட்டது. எழுதியவர் பிரடெரிக் ரிக்கெட்ஸ் என்ற பிரிட்டிஷ் இராணுவ பேண்டு மாஸ்டர். படையில் பணிபுரிபவர் வெளியில் தொழில் நடத்துவது அப்போது விரும்பப்படாததால் கென்னத் ஆல்போர்டு என்ற புனைபெயரில் வெளியிட்டார். கோல்ப் மைதானத்தில் ஒருவர் பந்து வருவதை எச்சரிக்கக் குரல் கொடுப்பதற்குப் பதிலாக இரண்டு சுரங்களைச் சீட்டியடிப்பாராம். அந்த இரண்டு சுரங்களிலிருந்து பிறந்ததே மெட்டின் தொடக்கம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. போகி என்பது கோல்ப் ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கற்பித்துக்கொண்ட எதிராளியின் பெயர். தை மாதத்துக்கு முந்தைய நாள் நாம் பழையன கழிக்கும் போகிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இந்தக் கேள்வியும் அடிக்கடி வருவதால் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்த மெட்டுக்கு ஹிட்லரைப் பற்றி அச்சிடத்தகாத வரிகளைக் கட்டிப் பாடினார்கள். 1957இல் 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படம் வந்தபோது அந்த வரிகளைத் திரையில் பாடமுடியாததால் கைதிகள் சீட்டி மட்டும் அடிக்கிறார்கள். இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்டு அதன்மேல் பொருந்தும்படி இன்னொரு மார்ச்சையும் எழுதிச் சேர்த்தார். படம் பிடிக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கல, களனி ஆற்றங்கரை.

இந்த மெட்டு வரும்போது எனக்கு நினைவு வருவது வேறு. கதை நடப்பதாகச் சொல்லப்படும் இரயில் பாதை, 1942 முதல் 1943 வரை ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அதில் இறந்த மேற்கத்தியப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் என்றால், இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு; மதிப்பீடுகள் 90,000 அளவில் நிற்கின்றன. அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் அதன் பெயர் 'சயாம் மரண இரயில்'. படத்தின் கதை ஆங்கிலேயக் கைதிகளைச் சுற்றியே சுழல்கிறது. தாத்தாவை அந்தக் காட்டில் பறிகொடுத்த ஒருவர் அந்தச் சீட்டியைக் கேட்டால், உலகமே புன்னகைக்கும் இடத்தில் அவரால் புன்னகைக்க முடியாது. கோல்ப் மைதானத்தில் பிறந்த இரண்டு சுரங்கள் அங்கே போய்ச் சேரும் என்று எழுதியவர் எண்ணியிருக்க வழியே இல்லை.

வியன்னா புத்தாண்டுக் கச்சேரியின் முடிவில் எல்லாரும் கைதட்டுகிறார்களே, அந்த மெட்டின் பின்னணி என்ன?

அது 'ராடெட்ஸ்கி மார்ச்', தந்தை யோகான் ஸ்ட்ராஸ் எழுதியது. முதன்முதலில் வியன்னாவில் 1848 ஆகஸ்டு 31 அன்று வாசிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் இத்தாலியின் குஸ்தோசா என்னும் இடத்தில் வென்ற ஆஸ்திரியப் பீல்டு மார்ஷல் ராடெட்ஸ்கியைப் போற்றுவதற்காக எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வயது 81. ஐரோப்பா முழுவதும் புரட்சி கொழுந்துவிட்டெரிந்த ஆண்டு அது. தந்தை அரசரின் தளபதிக்கு மார்ச் எழுத, மகன் ஸ்ட்ராஸ் புரட்சிக்காரர்கள் பக்கம் சாய்ந்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டு கட்சிகள் இருப்பதொன்றும் நமக்குப் புதிதல்ல.

இன்று தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பவர்களுக்கு அது பூங்கொத்தும் பட்டாடையும் கைதட்டலும் கலந்த இனிய காலை. லொம்பார்டியிலும் வெனிஸிலும் ராடெட்ஸ்கியின் ஆட்சிக் கொடுமையைப் படித்து வளர்ந்த ஓர் இத்தாலியருக்கு அந்தப் பெயர் அப்படி ஒலிக்காது. 2020இல் வியன்னாக்காரர்களும் ஒரு கணக்கைத் தீர்த்தார்கள்: அதுவரை வாசித்துவந்த வாத்தியப் பிரிவமைப்பை, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்ற ஏற்பாட்டை, செய்தவர் நாஜிக் கட்சி உறுப்பினர் என்பதால் அதைக் கைவிட்டுப் புதிய அமைப்பில் வாசித்தார்கள். மெட்டு அதேதான், கைதட்டலும் அதேதான். எனக்கு அந்தக் கைதட்டல் கொஞ்சம் மிகையாகவே படுகிறது. ஆனால் டிசம்பர் 31 இரவு கண்விழித்தவர்களை மறுநாள் எழுப்புவதற்கு அதுவும் வேண்டியிருக்கிறது போலும்.

அமெரிக்காவின் சூசாவை 'மார்ச்சுகளின் மன்னர்' என்கிறார்களே, அவருடையதில் எதைக் கேட்கவேண்டும்?

ஜான் பிலிப் சூசா நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட மார்ச்சுகளை எழுதியவர். 1880 முதல் 1892 வரை அமெரிக்கக் கடற்காலாட்படையின் பேண்டை நடத்தியவர். 'நட்சத்திரங்களும் கோடுகளும் என்றென்றும்' என்ற மார்ச்சைக் கேளுங்கள். 1896இன் இறுதியில், தம் மேலாளர் இறந்த செய்தி கேட்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தபோது, மேல்தளத்தில் நடந்த நடையில் அது தம் மனத்துக்குள் முழுமையாக ஒலித்ததாகவும், கரையிறங்கியபின் எழுதியபோது எதையும் மாற்றவில்லை என்றும் சூசா சொல்லியிருக்கிறார். 1987இல் சட்டப்படி அது அந்நாட்டின் தேசிய மார்ச் ஆனது. கடைசிப் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் அடித்தொண்டையில் முழங்க, பிக்கோலோ என்ற சின்னஞ்சிறு குழல் மட்டும் அவற்றின் தலைக்குமேல் சிட்டுக்குருவி போலத் துள்ளும் இடத்தை நான் எத்தனை முறை கேட்டாலும் அலுத்ததில்லை.

அந்நாட்டுச் சர்க்கஸ் கூடாரங்களில் இதை வேடிக்கைக்காக வாசிக்கக்கூடாது என்பது ஒரு தொழில் மரபு. அங்கே அது ஆபத்துக்கான குறி: பார்வையாளர்கள் பதறாமல், ஊழியர்களுக்கு மட்டும் 'ஏதோ நடந்துவிட்டது, கூட்டத்தை வெளியேற்று' என்று சொல்லும் மெட்டு. 1944 ஜூலை 6 அன்று ஹார்ட்போர்டு நகரில் பெரிய சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியபோது, தீநாக்கை முதலில் கண்டவர்களில் ஒருவரான பேண்டு மாஸ்டர் மெர்ல் எவன்ஸ் உடனே இதைத்தான் வாசிக்கச் செய்தார். அன்று 160 பேருக்கு மேல் இறந்தார்கள். தேசக்கொடியைப் போற்றி எழுதப்பட்ட மெட்டு, அந்தக் கூடாரத்திலிருந்து உயிரோடு வெளியே வந்த குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுதும் வேறொன்றாகத்தான் ஒலித்திருக்கும்.

'பழைய தோழர்கள்' என்ற ஜெர்மன் மார்ச்சை எழுதியவருக்கு என்ன ஆயிற்று?

கார்ல் டைக்கே 1889இல் உல்ம் நகரில் படை பேண்டில் இருந்தபோது அதை எழுதினார். மேலதிகாரி, 'நம்மிடம் மார்ச்சுகள் போதுமான அளவு இருக்கின்றன, இதை அடுப்பில் போடு' என்றாராம். டைக்கே படையை விட்டு விலகினார், மெட்டைச் சொற்பத் தொகைக்கு விற்றார், பிறகு காவல்துறையில் வேலை பார்த்தார். உலகெங்கும் பழைய சிப்பாய்கள் கூடும் இடங்களில் வாசிக்கப்படும் மெட்டு, தோழர்களைப் பிரிந்து வெளியேறியவர் எழுதியது.

இந்திய மார்ச்சுகளில் எது உங்களுக்கு நெருக்கமானது?

'கதம் கதம் படாயே ஜா'. அடிமேல் அடி எடுத்து வைத்து முன்னேறு என்பது பொருள். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துக்காகக் கேப்டன் ராம் சிங் தாக்குரி இசையமைத்தது. வரிகள் வன்ஷீதர் சுக்லாவுடையவை. ராம் சிங் கூர்க்கா படைப்பிரிவில் பணியாற்றி, மலாயாப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டபின் தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்.

இந்தி அறியாத ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்தப் பாட்டுக்கு நடந்தார்கள் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் தேசிய இராணுவத்தில் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களில் இரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள். அதே ஆண்டில் தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்றவர் சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன். அப்படையில் சேர்ந்த பெண்களிலும் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். அதிகாலையில் கங்காணியின் கொம்புச் சத்தத்துக்குப் பயந்து வரிசையில் நின்ற கால்கள், தாமாக விரும்பி ஒரு தாளத்துக்கு வரிசையில் நின்ற முதல் அனுபவம் அதுவாகவே இருந்திருக்கும். அந்த எண்ணம் வந்தபின் இந்த மெட்டை என்னால் வெறும் மெட்டாகக் கேட்க முடியவில்லை.

சுதந்திரத்துக்குப்பின் தேசிய இராணுவத்து வீரர்கள் இந்திய இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. ஆனால் அவர்களுடைய பாட்டை இராணுவம் சேர்த்துக்கொண்டது. இன்று குடியரசு தினத்தில் அது முழங்கும்போது நிமிர்ந்து நடக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு.

தமிழிசைக்கும் இராணுவ பேண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருந்ததா?

இருந்தது, அதுவும் மும்மூர்த்திகளில் ஒருவர் வழியாக. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டைக் கேட்டார் என்பது வழிவழிச் செய்தி. அவர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகளை இட்டு அமைத்த பாடல்கள் சுமார் 40. அவற்றை நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்பார்கள். அவற்றுள் 'சந்ததம் பாஹி மாம்' என்பது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. அரசரைக் காக்கச் சொல்லிக் கடவுளை வேண்டும் மெட்டில் சங்கீத சியாமளையிடம் தன்னைக் காக்கச் சொன்ன அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வரும். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அரண்மனைக்கென்றே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். பிற்காலத்தில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்து, மதுரை மணி ஐயர் கச்சேரியில் பாடிப் புகழ்பெறச் செய்த 'இங்கிலீஷ் நோட்டு' அந்த வழியில் வந்ததே. சரிகை வைத்த சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக நம் ஊர்க் கல்யாணங்களில் வரும் பேண்டு செட்டு, அந்தக் கோட்டை பேண்டின் ஏழைப் பேரன்.

பயிற்சி முடித்து அதிகாரிகளாக வெளியேறும்போது வாசிக்கப்படும் மெட்டு எது?

'ஓல்டு லாங் சைன்'. 1788இல் ராபர்ட் பர்ன்ஸ் எழுதியனுப்பிய ஸ்காட்லாந்துப் பாட்டு. உண்மையில் அது மார்ச் அல்ல, பிரிவுப் பாட்டு. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில், மேஜர் பரமேஸ்வரன் பெயரைத் தாங்கிய அணிவகுப்பு மைதானத்தில், பயிற்சி முடித்தவர்கள் மெதுநடையில் வந்து 'அந்திம் பக்' என்ற கோட்டைக் கடக்கும்போது அது ஒலிக்கிறது. பயிற்சி பெறுபவராக அது கடைசி அடி, கோட்டின் அப்புறம் அதிகாரி. ஜப்பானில் இதே மெட்டைக் கடைகளை மூடும் நேரத்தில் வாசிப்பார்கள். டோக்கியோவில் வேலைபார்த்துத் திரும்பிய ஒருவருக்கு, பரங்கிமலையில் மகன் கோட்டைக் கடந்த காலையில், பையோடு கடையைவிட்டு வெளியேறும் எண்ணம் வந்து தொலைந்ததாம்.

ஜனவரி 29 மாலை டெல்லி விஜய் சௌக்கில் நடக்கும் படைதிரும்பல் (பீட்டிங் ரிட்ரீட்) விழாவிலும் மார்ச் அல்லாத ஒரு மெட்டுக்குத்தான் பலர் காத்திருந்தார்கள். காந்தியடிகளுக்குப் பிரியமான 'அபைடு வித் மீ' என்ற கிறிஸ்தவப் பாடல் அது. 2022இல் அது நீக்கப்பட்டது. இந்திய மெட்டுகள் வரட்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வாத்தியங்கள் அடங்கி, எங்கிருந்தோ மணியோசை மட்டும் பதில் சொல்லும் அந்த இருட்டும் நேரத்தை நான் இன்னும் தேடுகிறேன்.

இராணுவ இறுதி ஊர்வலத்தில் அடக்கத்துக்குப்பின் விரைவு நடை வாசிப்பது மரியாதைக் குறைவு இல்லையா?

போகும்போது டிரம்களைக் கறுப்புத் துணியால் மூடி, துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து, மெதுநடையில் செல்வது பிரிட்டிஷ் மரபு. அப்போது பெரும்பாலும் வாசிக்கப்படுவது 1739இல் அரங்கேறிய 'சவுல்' என்ற இசைநாடகத்துக்கு ஹாண்டெல் எழுதிய சாவு மார்ச். துயர இசைக்கு நாம் எதிர்பார்க்கும் சோகச் சாயல் அதில் இல்லை. மகிழ்ச்சிச் சாயலுள்ள மேஜர் சுருதியில், அழாத முகத்தோடு நடக்கிறது. அடக்கம் முடிந்ததும் துணியை எடுத்துவிட்டு விரைவு நடையில் பாசறைக்குத் திரும்புவார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்புபவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நம் ஊரிலும் சொல்வதுண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபின் எனக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால்?

'ஸ்லவியான்காவின் பிரியாவிடை'. 1912இல், பால்கன் போர் மூண்டபோது, ரஷ்யாவின் தம்போவ் நகரில் குதிரைப்படை ஒன்றில் எக்காளம் ஊதிய வசீலி அகாப்கின் எழுதியது. ஸ்லவியான்கா என்றால் ஸ்லாவ் இனப் பெண். மற்ற மார்ச்சுகளெல்லாம் போகிறவனுடைய நடையை எழுதுகின்றன. இது சோகச் சாயலுள்ள மைனர் சுருதியில், நடைமேடையில் நின்றுவிடுகிறவளுடைய பார்வையை எழுதுகிறது. ஆனாலும் தாளம் ஒரு அடிகூடப் பிசகுவதில்லை. ஜார் காலத்தில் எழுதப்பட்டு, உள்நாட்டுப் போரில் இரு தரப்பாலும் வாசிக்கப்பட்டு, சோவியத் காலத்தைக் கடந்து, இன்றும் அந்நாட்டு இரயில் நிலையங்களில் நெடுந்தூர வண்டிகள் புறப்படும்போது ஒலிக்கிறது. அங்கே ஏறுபவர்களில் பெரும்பாலோர் போருக்குப் போகவில்லை. மாமியார் வீட்டுக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். வண்டி நகர்ந்ததும் நடைமேடையில் நிற்பவர்கள் அந்தத் தாளத்துக்கு நாலடி கூடவே நடந்துபோய் நிற்கிறார்கள்.